அக்காவின் வேட்புமனுவும் எனக்குக் கிடைத்த மூன்று நிமிடமும்

1

டல்லாஸுக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பழைய மரச்சாமான் கடை. அதை வாங்கிச் சபையாக மாற்றியிருக்கிறார்கள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் போகிறேன். செப்டம்பரில் ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லோரும் காகிதக் குவளையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது டேவ் என் தோளில் கை போட்டார். டேவ் சபையின் மூப்பர்களில் ஒருவர். வாரநாட்களில் ஏசி பழுதுபார்ப்பவர். நான் இந்த நாட்டில் இறங்கிய முதல் வாரம் தன் வீட்டிலிருந்து எனக்கு மெத்தை கொண்டுவந்து கொடுத்தவர்.

"அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு உனக்கு மூன்று நிமிடம்" என்றார். "உன் அக்காவின் சாட்சி."

மாநிலச் சட்டசபைக்கு நிற்கும் ஒருவர் அன்று வருகிறாராம். சபை யாருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று இங்கே விதி உண்டு. அதனால் அவர் வேட்பாளராக வரவில்லை, விருந்தினராக வருகிறார். அவர் பேசுவதற்கு முன்னால், கிறிஸ்தவள் என்பதற்காகத் தேர்தலில் நிற்க விடாமல் தடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையை அவளுடைய தம்பியே சொன்னால் நன்றாக இருக்கும் என்றார்.

சரி என்றேன். யோசிப்பதற்கு முன்னால் சரி என்று சொல்லிவிடுவது என் பழக்கம். கல்லூரியில் மாணவர் ஜெபக்குழுவுக்கு நான்தான் செயலாளர், ரத்ததான முகாமுக்கு நான்தான் செயலாளர், வெள்ள நிவாரணத்துக்கு வீடு வீடாகத் துணி வாங்கப் போனதும் நான்தான். எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் கை தூக்கியவன். அந்தப் பையன் எங்கே போனான் என்று தெரியவில்லை. கை மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது.

எனக்கு எந்த ஊரிலும் ஓட்டு இல்லை. இங்கே வேலை விசா. பச்சை அட்டைக்கான கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று வக்கீலுக்கே தெரியவில்லை. ஊரில், ஆள் இல்லை என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இரண்டு செய்தியும் வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

2

அக்கா கதையை எழுதி எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கென்றால் எளிது.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். காலனித் தெருவில் வீடு. அப்பா மிராசு வீட்டில் பண்ணையாளாக இருந்து, பிறகு குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்துப் பயிர் வைத்து, எங்களைப் படிக்க வைத்தார். அக்கா பிறந்தபோது நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அவள் பத்தாவது படிக்கும்போதுதான் வீட்டோடு இரட்சிக்கப்பட்டோம். செல்வராணி ஞானஸ்நானத்தில் கிரேஸ் ஆனாள். பள்ளிச் சான்றிதழில், சாதிச் சான்றிதழில், ரேஷன் அட்டையில் செல்வராணியாகவே இருந்தாள். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர். சட்டப்படி ஞானஸ்நானம் எடுத்தவர் ஆதிதிராவிடர் பட்டியலில் இருக்க முடியாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விட வேண்டும். தெரு அதேதான், தெருவுக்குள் வர மாட்டேன் என்பவர்களும் அவர்களேதான். பட்டியல் மட்டும் மாறும்.

எங்கள் தெருவுக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் நாலு வயலும் இருக்கின்றன. புறம்போக்கில் ஒரு பாதை வரைபடத்தில் உண்டு. தரையில் கிடையாது, வயலோடு சேர்ந்துவிட்டது. அப்பா இறந்தது கார்த்திகையில், சம்பாப் பயிர் நின்ற நேரம். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு வாய்க்காலில் இறங்கி, வயலில் முழங்கால் சேற்றில் நடந்தோம். வரப்பில் நின்றுகொண்டு மிராசு வீட்டுக் காரியக்காரர், "பயிரை மிதிக்காமப் போங்கப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா எங்களோடு சேற்றில் வந்துகொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்த அக்கா அதற்குப் பிறகு மனு எழுதத் தொடங்கினாள். கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, ஒன்றியத்துக்கு. வாய்க்கால் மேல் ஒரு பாலம், வரைபடத்தில் உள்ள பாதை. வேறொன்றும் கேட்கவில்லை.

நான் இங்கே வந்து மூன்றாம் வருடம், எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியை ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள்.

3

"நிக்கலாமான்னு பாக்குறேன்டா சாமு" என்றாள் தொலைபேசியில்.

"நில்லு அக்கா. யோசிக்காத."

"யோசிக்காம எப்படி? சான்றிதழ்ல இந்துன்னு இருக்கு."

"நீ பொய் சொல்லியா வாங்கின? வாங்குறப்ப அதுதானே."

"பாஸ்டர் ஐயாவும் அதைத்தான் சொல்றாங்க. அது நீ பொறந்த எடத்தைச் சொல்லுது, விசுவாசத்தைச் சொல்லலங்கறாங்க. அந்தத் தாளை நானும் கிழிச்சுப் போடப் போறதில்ல. ஆனா ஒண்ணு. எவனாவது மூஞ்சியப் பாத்து நீ யாருன்னு கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"யாரு கேக்கப் போறா?"

"கேக்காத வரைக்கும் நல்லது."

பத்து நாள் வீடு வீடாகப் போனாள். தினமும் எனக்கு ஒரு கதை. மேலத்தெருவில் ஒரு அம்மா ஆலத்தி சுற்றிவிட்டுக் குங்குமத்தை நீட்டியிருக்கிறார். அக்கா கையில் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, "உங்க அன்புக்கு நன்றிங்கம்மா, நெத்தியில வைக்கற வழக்கம் எங்களுக்கு இல்ல, கோச்சுக்காதீங்க" என்றாளாம். அந்த அம்மா, "அப்படியா, அப்ப காபியாவது குடிப்பியா" என்று கேட்டாராம். மேலத்தெருவில் அக்கா காபி குடித்தது அதுதான் முதல் தடவை. கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கூட வந்த பையன்கள் சொன்னபோது, "நீங்க உடைச்சுட்டு வாங்கடா, நான் அரசமரத்துக்கிட்ட நிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சாராயத்துக்கு ஏற்பாடு உண்டா என்று கேட்ட சித்தப்பாவிடம், "உங்க பொண்ணு உங்க பொணத்தைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கணுமா, பாலத்துல போகணுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாளாம். "வாயக் கழுவு" என்று திட்டிவிட்டு, கூடவே வந்தாராம் சித்தப்பா.

விசுவாசி அரசியலுக்குப் போகலாமா என்று கல்லூரிக் காலத்தில் நாங்கள் விடிய விடிய விவாதித்திருக்கிறோம். உலகத்தோடு ஒட்டக் கூடாது என்று பாதிப் பேர், உப்பு டப்பாவுக்குள்ளேயே இருந்தால் யாருக்குப் பயன் என்று பாதிப் பேர். அக்கா அதையெல்லாம் கேட்டதில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்த வீட்டுக்கு வேண்டிய அளவு முடிவு எடுத்துக்கொண்டு போனாள்.

4

இனி நான் செய்தது.

ஊரில் எங்கள் சபையில் ஒரு பழக்கம். ஜெபத்தில் எதையும் பொதுவாகக் கேட்கக் கூடாது. ஆண்டவரே ஆசீர்வதியும் என்று மொட்டையாகச் சொன்னால் பாஸ்டர் ஐயாவுக்குப் பிடிக்காது. யாருக்கு, எந்த ஊரில், எந்தக் காரியம், எந்தத் தேதி, எல்லாம் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் பதில் வந்தால் அது பதில் என்று தெரியும் என்பார். மாதம் ஒருமுறை அப்படிப்பட்ட விண்ணப்பங்களை எண் போட்டு ஒரு தாளில் அச்சடித்துச் சுற்று வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் அனுப்புவார்.

நான் இங்கிருந்து பாஸ்டர் ஐயாவுக்கு எழுதினேன். உற்சாகம். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதி, அன்றே தபாலில் போட்டேன். அவர் அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் நாலாவது விண்ணப்பமாகப் போட்டுவிட்டார்: நமது சபையின் சகோதரி கிரேஸ், அதாவது செல்வராணி, ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறார்கள், கர்த்தர் வாசலைத் திறக்க ஜெபியுங்கள்.

வேட்புமனுவில் செல்வராணி என்றுதான் இருக்கும், ஜெபிக்கிறவர்கள் குழம்பக் கூடாதே என்றுதான் இரண்டு பெயரையும் எழுதினேன்.

5

வேட்புமனு பரிசீலனை ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. அக்காவும் பாஸ்டர் ஐயாவும் போயிருந்தார்கள். அக்காவை எதிர்த்து நின்ற பெண்ணும் எங்கள் தெருதான். மிராசு வீட்டில் வேலை செய்பவர். அவருக்குப் பதிலாக எல்லாம் பேசியது காரியக்காரர். நடந்ததை அக்கா அன்று சாயங்காலமே எனக்குச் சொன்னாள், அழாமல், மனு வாசிக்கிற மாதிரி.

அக்காவின் மனுவை எடுத்ததும் காரியக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"இது அவங்க சபை நோட்டீஸ் சார். நாலாவது ஐட்டம் பாருங்க. கிரேஸும் செல்வராணியும் ஒரே ஆளுன்னு அவங்களே அச்சடிச்சிருக்காங்க."

தேர்தல் அலுவலர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "நோட்டீஸெல்லாம் எனக்கு ஆதாரம் ஆகாதுங்க. தாசில்தார் குடுத்த சான்றிதழ் இருக்கு. அதை யாரும் ரத்து பண்ணல."

"அப்ப அந்தம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுருங்க. நான் சொல்றது பொய்யின்னா அவங்க சொல்லட்டும்."

அலுவலர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, நீங்க பேசாம இருந்தாலே போதும். நான் சம்பிரதாயத்துக்குத்தான் கேக்கறேன். இந்தத் தாள்ல இருக்கறது நீங்களா?"

"ஆமாங்க சார். நான்தான்."

"சரி. சும்மா கூப்பிடுறதுக்கு அந்தப் பேரு வச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

அவர் மனு இருந்த பக்கமாகக் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அக்கா சொன்னாள், அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று.

"இல்லீங்க சார். ஞானஸ்நானம் எடுத்திருக்கேன்."

அலுவலர் தன் தண்ணீர் டம்ளரை அக்கா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மனுவில் தள்ளுபடி என்று எழுதினார். வெளியே வரும்போது காரியக்காரர் பாஸ்டர் ஐயாவிடம், "கர்த்தர் வாசலைத் தொறந்துட்டாரு பாருங்க, காத்து வருது" என்றாராம்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு அக்கா கேட்டாள். "ரெண்டு பேரையும் எழுதினது நீயாடா?"

"ஆமா."

"ம்" என்றாள். "சாப்பிட்டியா?"

அன்று நான் வேலைக்குப் போய், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி நிரலில் பிழை தேடினேன். கண்டுபிடித்தேன்கூட. மேலாளர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன்.

6

மற்ற பெண் தலைவரானார். பாலம் வரவில்லை. அக்கா ஒவ்வொரு கிராம சபைக்கும் போகிறாள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அதே மனுவைப் படிக்கிறாள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்கிறாள். அந்தப் பெண் காரியக்காரர் முகத்தைப் பார்க்கிறார். அவர் விட்டத்தைப் பார்க்கிறார்.

இங்கே கதை வேறு மாதிரி வளர்ந்திருந்தது. நாகர்கோவில்காரர் ஜான்சன் அண்ணன் எங்கள் சபைக்குத்தான் வருகிறார். அவருடைய எட்டு வயது மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவள் ஒரு நாள் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், உங்கள் அக்காவை ஜெயிலில் போட்டார்களா?" சட்டையில் அந்த வேட்பாளரின் பெயர் போட்ட வட்டச் சின்னம் குத்தியிருந்தாள்.

"ஜெயிலா? யார் சொன்னது?"

"ஞாயிறு பள்ளியில் உங்கள் அக்காவுக்காக ஜெபித்தோம்."

இல்லை, அக்கா வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஜான்சன் அண்ணன் மகளின் சட்டையிலிருந்த சின்னத்தைக் காட்டித் தமிழில், "விடு தம்பி, பிள்ளைங்க. ஆனா அவரு நல்ல மனுசன், நம்ம ஆளு" என்றார். நம்ம ஆளு என்றால் யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

7

பேசுவதற்கு முந்தின வாரம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"உன் விஷயத்தைச் சபையில சொல்லச் சொல்றாங்க அக்கா."

"இப்ப எதுக்கு?"

"தேர்தல் வருது. நிக்கறவரு சபைக்கு வர்றாரு."

"அவரு நம்ம ஊரு வாய்க்காலுக்குப் பாலம் போடுவாரா?"

"வெளையாடாத."

"பின்ன எனக்கும் அவருக்கும் என்னடா?" பிறகு அவளே சொன்னாள். "கிறிஸ்தவச்சின்னு நம்ம ஊர்ல என்னை ஒருத்தன் கைநீட்டல. அந்தக் குங்குமம் குடுத்த அம்மா இன்னிக்கும் பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கல் குடுத்து விடுது. பாதை இல்லாததுக்கு நாம காலனிங்கறதுதான் காரணம். சொல்லு, வேணாங்கல. சொன்னா முழுசாச் சொல்லு."

"மூணு நிமிஷம்தான்."

"அப்ப வேகமாச் சொல்லு. நீ வேகமாப் பேசுறவன்தானே."

8

வேகமாகத்தான் சொன்னேன். காலனி என்பதற்கு எனக்கு ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. அப்படியே சொன்னால் வெள்ளைக்காரர் ஆண்ட காலம் என்று நினைக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தெரு என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்ததைச் சொன்னேன். நான்தான், ஞானஸ்நானம் எடுத்திருக்கிறேன் என்று அக்கா சொன்ன இடம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் என் நேரத்தில் அரை நிமிடம் போய்விட்டது. மீதியில், அந்த அலுவலர் மனுவை ஏற்கத்தான் பார்த்தார் என்றேன். ஆட்சேபித்தவர் சொன்னதும் உண்மைதான், தாளை அவர் கையில் கொடுத்தது நான் என்றேன். அக்காவுக்குப் பாதையை மறுத்தது அவள் விசுவாசத்துக்காக அல்ல, பிறப்புக்காக என்றேன். எங்கே கைதட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. டேவ் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். இறங்கிவிட்டேன்.

அடுத்து விருந்தினர் பேசினார். நல்ல குரல். தன் மகனின் நோயைப் பற்றிச் சொன்னதில் நடிப்பு இல்லை. பிறகு சொன்னார்: "இந்தியாவில் ஒரு சகோதரி தன் ஆண்டவரை மறுக்க மாட்டேன் என்றதற்காக வாக்குச்சீட்டிலிருந்து அவள் பெயரை அழித்தார்கள். நாம் இப்போது எழுந்து நிற்காவிட்டால் அது இங்கேயும் நடக்கும்." மொத்தக் கூட்டமும் எழுந்தது. என் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முடிந்து போகும்போது அவர் என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நேராக முகத்தைப் பார்த்தார்.

"உன் சகோதரியின் கதையைச் சரியாகச் சொன்னேனா?"

"நன்றாகச் சொன்னீர்கள்" என்றேன்.

9

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன்.

"முழுசாச் சொன்னியா?"

"சொன்னேன்."

"ஜனங்க என்ன சொன்னாங்க?"

"கைதட்டினாங்க."

"எதுக்கு?"

சொன்னேன். அவர் என்ன பேசினார், என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் எல்லாம். ஊரில் அப்போது விடிந்திருந்தது. யாரோ வாசலில் அவளைக் கூப்பிட்டார்கள். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுடா" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் வேலைக்குப் போனேன், வந்தேன். நாலாம் நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து அந்த விருந்தினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்து நிமிடத்தில் முடியவில்லை, நான்கு மதியம் ஆனது. ஐயா, சரியாகச் சொன்னீர்களா என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை. நான் அன்று உங்களிடம் சொன்னது பொய். என் அக்காவின் பெயரை அழித்த அலுவலர் அவள் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவள் கேட்டது ஒரு பாலம், அது இன்னும் வரவில்லை. அவளைச் சொல்லி ஓட்டுக் கேட்பதாக இருந்தால் தயவுசெய்து இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொல்லாதீர்கள். இவ்வளவுதான். டேவுக்கு ஒரு நகல் அனுப்பினேன். தபாலில் போட்டுவிட்டு நடந்தபோது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். பசித்தது, அவ்வளவுதான்.

பதில் வரவில்லை. கடிதம் போட்டபின் வந்த ஞாயிறு சபைக்குப் போனேன். டேவ் காபிக் குவளையோடு வந்து பக்கத்தில் நின்றார். இந்த முறை தோளில் கை போடவில்லை.

"அவருடைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்" என்றார். "வருத்தப்பட்டார்கள். நானும்தான். எனக்கு உன்னைத் தெரியும், சாம். நீ இப்படிச் செய்கிறவன் இல்லை."

"அவர் என்னிடம் கேட்டார், டேவ்."

"அவர் மரியாதைக்குக் கேட்டார்."

"தெரியும்" என்றேன்.